இன்று கிளைடர் பறக்குமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வானிலை விளக்கம்

தரையில் நின்று ரேடியோவில் இயக்கும், மோட்டார் இல்லாத மாதிரி கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மேலே ஏறுவதுபோல் நம் கண்ணுக்குத் தெரியும்போதும், தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் அது இறங்கத்தான் செய்கிறது. 2 மீட்டர் இறக்கை நீளமுள்ள சாதாரணப் பயிற்சி கிளைடர் அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் அரை மீட்டர் இறங்கும். 100 மீட்டர் உயரத்தில் ஏவும் கயிற்றிலிருந்து விடுபட்டால் மூன்று நிமிடம் சொச்சத்தில் தரைக்கு வந்துவிடும். அதே கிளைடர், நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் மேலெழும் காற்றுக்குள் நுழைந்தால் நொடிக்கு ஒரு மீட்டர் ஏறும். இறக்கை அதேதான், ஓட்டுபவரும் அவரேதான். சுற்றியிருக்கும் காற்றுதான் வேறு.

ஆகவே கிளைடரின் எஞ்சின் வானிலைதான். புதிதாகக் கிளப்பில் சேர்பவர்கள் "நாளை வானம் தெளிவாக இருக்கும்" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வந்து ஏமாறுகிறார்கள். நமக்கு வேண்டியவை வேறு: காற்றின் சராசரி வேகம், குப்பென்று வீசும் வேகம், திசை, வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளி. இந்த நான்கையும் மணிவாரியாகப் பார்க்கப் பழகிவிட்டால், பறக்கும் நாளையும் அந்த நாளுக்குள் பறக்கும் நேரத்தையும் பெரும்பாலும் சரியாகவே தேர்ந்தெடுக்கலாம்.

காற்றின் வேகத்தை எப்படிப் படிப்பது

வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. அதுவும் ஒரு சராசரிதான். நீங்கள் நிற்கும் இடத்தில் முகத்தில் படும் காற்று அதைவிடக் குறைவாக இருக்கும். கிளைடர் பறக்கும் 100 மீட்டர் உயரத்தில் அதைவிட அதிகமாக இருக்கும். தரையில் புல்லும் மரமும் கட்டடமும் காற்றை இழுத்துப் பிடிப்பதே காரணம். "கீழே காற்றே இல்லையே" என்று ஏவிய கிளைடர் மேலே போனதும் பின்னால் அடித்துச் செல்லப்படுவது இதனால்தான்.

அறிக்கையில் உள்ள எண்ணை உங்கள் கிளைடரின் பறக்கும் வேகத்தோடு ஒப்பிட வேண்டும். 900 கிராம் எடையும் 40 சதுர டெசிமீட்டர் இறக்கைப் பரப்பும் உள்ள கிளைடரின் இறக்கைச் சுமை ஒரு சதுர டெசிமீட்டருக்கு 22.5 கிராம். அது இயல்பாக நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் பறக்கும். எதிர்க்காற்றும் 29 கிலோமீட்டராக இருந்தால் அது ஆகாயத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். அதைவிடக் கூடினால் முன்னோக்கிப் பறந்தபடியே பின்னால் போகும். பறக்கும் வேகத்தில் பாதி, அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரிக் காற்று, தொடங்குபவருக்கு மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரியைவிட முக்கியமானது வேக வீச்சு, அதாவது குப்பென்று வீசும் வேகம் சராசரியை எவ்வளவு தாண்டுகிறது என்பது. 20 கிலோமீட்டரில் சீராக வீசும் காற்றில் பழகியவர் நிம்மதியாகப் பறக்கலாம். சராசரி 12, இடையிடையே 28 என்று குதிக்கும் காற்று அவரையும் சோதிக்கும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் தரையிறங்கிக்கொண்டிருக்கும் கிளைடரின் எதிர்க்காற்று ஒரு கணத்தில் 3 மீட்டர் குறைந்தால், இறக்கையின் மேல் ஓடும் காற்று 5 மீட்டராகிறது. பெரும்பாலான பயிற்சி கிளைடர்கள் 6 மீட்டருக்குக் கீழே ஸ்டால் ஆகிவிடும். இறக்கை தூக்கும் சக்தியை இழந்து ஒரு பக்கமாகச் சரியும். 3 மீட்டர் உயரத்தில் இது நடந்தால் மீட்க இடமில்லை. சராசரிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி 10 கிலோமீட்டரைத் தாண்டினால் புதியவர்கள் அன்று ஏவுவதற்கு உதவி செய்து கற்றுக்கொள்வதே நல்லது.

காற்றின் வேகத்தைக் காட்டும் அளவி கையில் இல்லையென்றால் மரங்களைப் பாருங்கள். முகத்தில் காற்று படுகிறது, இலைகள் சலசலக்கின்றன என்றால் 6 முதல் 11 கிலோமீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் அசைகின்றன என்றால் 12 முதல் 19. தூசியும் காகிதமும் பறந்து, சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28. சிறு மரங்களே ஆடத் தொடங்கிவிட்டால் கிளைடரைப் பெட்டியிலேயே வையுங்கள்.

பலத்த காற்றில் பறக்க எடை சேர்ப்பது ஒரு வழி. இதை பேலஸ்ட் என்பார்கள். பறக்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பலன் மெதுவாகவே கிடைக்கும். 900 கிராம் கிளைடரில் 300 கிராம் சேர்த்தால் வேகம் 15 சதவீதம்தான் கூடும். ஈயமோ இரும்போ சரியாக எடைமையத்தில் உட்கார வேண்டும், அசையாமல் கட்டப்பட வேண்டும். மூக்குப் பக்கம் சேர்த்தால் வேகம் கூடியதுபோல் தெரியும். உண்மையில் மூக்குக் கனத்து, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இழுத்தபடியே பறக்க நேரிடும். தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் போதாமல் போகும்.

தெர்மல் எங்கிருந்து வருகிறது

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது, தரை தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. காய்ந்த உழவு நிலம், தார்ச்சாலை, பாறை, கூரைகள் விரைவில் சூடேறும். நீர்நிலை, பசும்புல், ஈரமண் ஆகியவை பின்தங்கும். பக்கத்தைவிடச் சூடான காற்று சிறிது நேரம் தரையை ஒட்டியே தேங்கிக் கிடந்து, ஏதாவது ஒன்று தட்டிவிட்டதும் பிரிந்து மேலெழுகிறது. மரவரிசை, மேட்டின் விளிம்பு, வெயிலும் நிழலும் சந்திக்கும் கோடு ஆகியவை அப்படித் தட்டிவிடும் இடங்கள். இந்த மேலெழும் காற்றுதான் தெர்மல்.

மேலெழும் உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் குளிரும். சுற்றியுள்ள காற்றைவிட அது சூடாக இருக்கும் வரைதான் ஏறும். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகிவிடுகிறது. அதனால் காலையில் கிளம்பும் சிறு தெர்மல்கள் சில பத்து மீட்டர்களிலேயே நின்றுபோகும். வெயில் ஏறி அந்தக் குளிர் அடுக்கு உடைந்த பிறகே கிளைடருக்கு உதவும் தெர்மல்கள் தொடங்கும்.

வெப்பநிலையையும் பனிநிலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குமோ அதுவே பனிநிலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125 ஆல் பெருக்கினால், திரள்மேகத்தின் அடிப்பாகம் ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது கிடைக்கும். வெப்பநிலை 32, பனிநிலை 20 என்றால் வித்தியாசம் 12. மேக அடி சுமார் 1500 மீட்டர். தெர்மலுக்கு நல்ல நாள். அதே 32 டிகிரியில் பனிநிலை 28 என்றால் மேக அடி 500 மீட்டர்தான். வியர்வை வழியும், புழுக்கம் வாட்டும், ஆனால் தெர்மல் பலவீனமாகவும் துண்டு துண்டாகவும் இருக்கும். உடம்புக்குத் தெரியும் வெக்கையை வைத்துத் தெர்மலை எடைபோடுவதுதான் புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணும் தவறு.

மழை பெய்த மறுநாளும் அப்படித்தான். வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும், கிளைடர் மட்டும் ஏறாது. தரையில் விழும் வெப்பத்தில் பெரும்பகுதி மண்ணிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மைதானம் காயும் வரை தார்ச்சாலை, கூரைகள் போன்ற விரைவில் உலரும் இடங்களின் மேல்தான் தேட வேண்டும்.

கடலோர மைதானங்களில் கடற்காற்று நுழையும் கோட்டின் மேல் சிறிது நேரம் நல்ல ஏற்றம் கிடைக்கும். அது கடந்து உள்ளே போனபின் வருவது குளிர்ந்த, அடுக்கு கலையாத காற்று. தெர்மல் அதோடு அடங்கிவிடும். அங்கே தெர்மல் பறத்தலை முற்பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பது

மலிவான, மிகப் பயனுள்ள கருவி ஒன்று உண்டு. 2 அல்லது 3 மீட்டர் கம்பின் நுனியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் நாடாவைக் கட்டுங்கள். பழைய கேசட் நாடா போதும். ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் தள்ளி, திறந்த வெளியில் நடுங்கள்.

தெர்மல் மேலே எழும்போது சுற்றுப்புறக் காற்றைத் தன் அடிவாரத்துக்கு உறிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்தில் தெர்மல் இருந்தால், அந்த உறிஞ்சல் வீசும் காற்றுக்கு எதிராக வேலை செய்யும். காற்று திடீரென்று அடங்கி, சற்றே வெதுவெதுப்பாகத் தோன்றும். அது உங்களைக் கடந்து பின்னால் போனபிறகு உறிஞ்சலும் காற்றும் ஒரே திசையில் சேர்ந்து, வேகம் கூடி, குளிர்ச்சியாக வீசும். லேசான காற்றுள்ள நாளில் நாடா வழக்கமான திசையை விட்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம்தான் தெர்மல். காற்று அடங்கியதும் ஏவத் தயாராகுங்கள். வேகம் கூடியபின் ஏவினால் எதிர்க்காற்றில் தேடாதீர்கள். அது உங்களுக்குப் பின்னால் போயிருக்கும்.

சிறகடிக்காமல் வட்டமிடும் பருந்து தெர்மலுக்கு நேரான சாட்சி. தகைவிலான்கள் ஒரே இடத்தில் கூடிப் பூச்சி பிடித்தாலும் அதே பொருள், ஏனென்றால் பூச்சிகளைத் தெர்மல்தான் தூக்கிச் செல்கிறது.

கிளைடரும் சொல்லும். நேராகப் பறக்கும்போது ஒரு இறக்கை தானாக உயர்ந்தால் அந்தப் பக்கம் ஏற்றம் இருக்கிறது. உயர்ந்த இறக்கையின் பக்கமே திரும்ப வேண்டும். கை தானாகவே அதைச் சமப்படுத்தப் பார்க்கும், கிளைடரைத் தெர்மலிலிருந்து விரட்டிவிடும். திரும்பியபின் 20 முதல் 30 மீட்டர் விட்டத்தில் சீரான வட்டம் போடுங்கள். வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் ஏறினால், அந்தப் பக்கமாக வட்டத்தைச் சற்று நகர்த்துங்கள். தெர்மலைச் சுற்றி இறங்கும் காற்றும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். கிளைடர் மளமளவென்று இறங்கினால் அங்கே சுற்றிக்கொண்டிருக்காமல், மூக்கைத் தாழ்த்தி வேகமாக அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

திரும்பி வரும் கணக்கு

தெர்மல் காற்றோடு நகர்கிறது, அதில் வட்டமிடும் கிளைடரும் கூடவே நகர்கிறது. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் ஒரு நிமிடம் வட்டமிட்டால் 300 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். மூன்று நிமிடம் என்றால் 900 மீட்டர். 8 மீட்டர் வேகத்தில் திரும்பினால் தரையைப் பொறுத்து நொடிக்கு 3 மீட்டர்தான் முன்னேற்றம். 900 மீட்டரைக் கடக்க 300 நொடி ஆகும். அதற்குள் 150 மீட்டர் உயரம் போய்விடும். வழியில் இறங்கு காற்று குறுக்கிட்டால் இன்னும் அதிகம்.

மூக்கைத் தாழ்த்தி 11 மீட்டர் வேகத்தில் பறந்தால் இறக்கம் நொடிக்கு 0.9 மீட்டராகக் கூடலாம். ஆனால் முன்னேற்றம் 6 மீட்டராகிறது. 150 நொடியில் வந்து சேரலாம், இழப்பு 135 மீட்டர். எதிர்க்காற்றில் மெதுவாகப் பறந்து உயரத்தைச் சேமிக்க நினைப்பவர்தான் மைதானத்துக்கு வெளியே இறங்குகிறார். அதற்கும் முன்னால் பார்வை ஒரு வரம்பு: 2 மீட்டர் கிளைடர் 900 மீட்டர் தூரத்தில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது. இறக்கையின் சாய்வு தெளிவாகத் தெரியும் தூரத்தோடு தெர்மலை விட்டுவிடுங்கள். உயர வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் மைதானத்துக்கு எது பொருந்தும் என்பதைக் கிளப்பில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஏவுங்கள்.

ஏவும் கயிறும் காற்றும்

கிளப்புகளில் பரவலாக இருப்பது ஹை-ஸ்டார்ட்: சுமார் 30 மீட்டர் ரப்பர் குழாய், அதோடு 120 மீட்டர் நைலான் கயிறு, நுனியில் சிறு பாராசூட்டும் வளையமும். ரப்பரின் முனையை, காற்று வரும் பக்கத்தில் சாய்வாக அடித்த இரும்பு முளையில் கட்ட வேண்டும். வளையத்தை கிளைடரின் அடியிலுள்ள கொக்கியில் மாட்டி, காற்று போகும் பக்கமாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். ரப்பர் தன் நீளத்தைப்போல் மூன்று மடங்கு ஆகும் வரை, அதாவது 60 மீட்டர் பின்னால் இழுக்கலாம். ஸ்பிரிங் தராசில் கிளைடர் எடையின் மூன்று மடங்கு காட்டினால் தொடக்கத்துக்குப் போதும். சுக்கான், எலிவேட்டர் இரண்டையும் அசைத்துச் சரிபார்த்து, இறக்கையைச் சமமாக வைத்து, மூக்கைச் சற்று உயர்த்தி விடுங்கள். தூக்கி எறிய வேண்டாம்.

கொக்கி எடைமையத்துக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் கிளைடர் இடவலமாக அலைந்து கவிழும். அதிகம் முன்னால் இருந்தால் ஏறாமல் தாழ்வாக ஓடும்.

அசைவற்ற காற்றில் கிடைக்கும் உயரம் குறைவு. 10 முதல் 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் கிளைடர் பட்டம்போல் ஏறி, கிட்டத்தட்ட முளைக்கு நேர்மேல் வரை போகும். காற்று 20ஐத் தாண்டினால் ரப்பரும் காற்றும் சேர்ந்து இறக்கையை வளைக்கும். அப்போது 60 மீட்டருக்குப் பதில் 40 மீட்டர் இழுத்தால் போதும். ஏறும்போது இறக்கை வில்லாக வளைவது தெரிந்தால் எலிவேட்டரைச் சற்றுத் தாழ்த்துங்கள். இழுவை உடனே குறையும்.

காற்றின் திசை 30 டிகிரிக்கு மேல் மாறினால் முளையைப் பிடுங்கி இடம் மாற்ற வேண்டும். சில நிமிட வேலைதான். இதைத் தள்ளிப்போட்டால் பக்கக்காற்றில் கிளைடர் சாய்ந்து ஏறும், கயிறு மரத்திலோ சாலையிலோ விழும். ஏவும் விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம் பகல் பத்து மணிக்கு அடித்த முளையிலிருந்தே மூன்று மணிக்கும் ஏவுவதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தரையிறங்கும்போதும் எதிர்க்காற்றைப் பார்த்தே வர வேண்டும். காற்றோடு போகும் பகுதியில் கிளைடர் வேகமாகப் போவதுபோல் தெரிவது தரையைப் பொறுத்த வேகம்தான். அதைக் குறைக்க மூக்கைத் தூக்கினால் ஸ்டால் ஆகும். காற்றுள்ள நாளில் கடைசித் திருப்பத்தை மைதானத்துக்கு அருகிலேயே வையுங்கள், வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தோடு வாருங்கள். தரைக்கு அருகில் எதிர்க்காற்று தானாகவே குறைவதால், அந்தக் கூடுதல் வேகம் அங்கே செலவாகும்.

இடி மேகம்

திரள்மேகங்கள் தட்டையான அடியோடு, சிறிதாக, இடைவெளி விட்டு நிற்பது நல்ல அடையாளம். ஒரு மேகம் அகலத்தைவிட உயரமாக வளரத் தொடங்கினால் அடுத்த ஏவலை நிறுத்துங்கள். வளரும் மேகத்தின் அடியில் ஏற்றம் மிகப் பலமாக இருக்கும். புதியவர் அதை அதிர்ஷ்டம் என்று நினைப்பார். கிளைடர் இறங்க மறுத்தால் செங்குத்தாகப் பாய்ச்சாதீர்கள், இறக்கை முறியும். ஸ்பாய்லர் (இறக்கையின் தூக்கும் சக்தியைக் குறைக்கும் தகடு) இருந்தால் திறந்து, மேகம் இல்லாத நீலப் பக்கமாக நேராகப் பறந்து வெளியேறுங்கள். ஏற்றத்தைச் சுற்றி இறங்கு காற்று இருக்கும், அது கீழே கொண்டுவரும்.

மழை விழத் தொடங்கிய மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டி, தரையில் பரவி, மழைக்கு முன்னால் பல கிலோமீட்டர் ஓடிவரும். திடீர் அமைதி, பிறகு வேறு திசையிலிருந்து குளிர்ந்த காற்று: இதை உணர்ந்தால் நிமிடங்கள்தான் மிச்சம். இடியின் ஒலி 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு என்றால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லாரும் வண்டிக்குள் அல்லது கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம். கார்பன் இறக்கைச் சட்டம் மின்சாரத்தைக் கடத்தும், நனைந்த கயிறும் கடத்தும். கயிற்றைச் சுருட்டி எடுத்து வைக்க நேரமில்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு ஓடுங்கள்.

பருவத்தைத் திட்டமிடுவது

பருவத்தின் தொடக்கத்திலேயே தேதிகளை அடைத்துவிடும் கிளப்பில் பாதி நாள் வீணாகும். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு மாற்று நாள் வையுங்கள். பறப்பதா வேண்டாமா என்பதை மூன்று கட்டமாக முடிவு செய்யுங்கள். மூன்று நாள் முன்பு மழை வாய்ப்பும் காற்றின் பொதுப்போக்கும். முந்தைய மாலை மணிவாரி வேகமும் வீச்சும். மைதானத்தில் நாடாவும் அளவியும். மூன்றாவதுதான் இறுதி. முந்தைய மாலையின் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், மைதானத்தில் மரம் ஆடினால் ஏவக் கூடாது.

ஒரு நாளுக்குள்ளும் பங்கு பிரிக்கலாம். விடியலுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரக் காற்று அசையாது. புது கிளைடரின் டிரிம் (கைபடாமல் நேராகப் பறக்க வைக்கும் சீரமைப்பு) சரிசெய்யவும் முதல் ஏவலுக்கும் அதைவிட நல்ல நேரமில்லை. முற்பகல் தெர்மல்கள் குறுகலானவை, பழக ஏற்றவை. நடுப்பகலில் பலமும் கொந்தளிப்பும் அதிகம், பழகியவர்களுக்கு விடுங்கள். மூடிய காரில் ஃபோம் இறக்கை வளைந்துபோவதும், இறக்கையின் மேலுறை தளர்ந்து சுருக்கம் விழுவதும் இந்த நேரத்தில்தான். கிளைடரை நிழலில் வையுங்கள், ஏவுவதற்கு முன் இறக்கையைப் பின்னாலிருந்து பார்த்து முறுக்கு விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

மழை மாதங்களில் பட்டறை வேலை. பால்சா மரம் ஈரத்தை இழுத்து முறுக்கிக்கொள்ளும். இறக்கைகளைத் தட்டையான பலகையில் படுக்க வையுங்கள், ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். இணைப்புக் கம்பிகளின் துருவைத் துடைத்து, சர்வோ (மடல்களை அசைக்கும் சிறு மின்கருவி) திருகுகளை இறுக்குங்கள். ரப்பர் குழாயைத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, டால்கம் பொடி தூவி, வெளிச்சம் படாத பெட்டியில் சுருளாக வையுங்கள். அடுத்த பருவத்தின் முதல் ஏவலுக்கு முன், அதே 60 மீட்டருக்கு இழுத்து, ஸ்பிரிங் தராசு காட்டும் எண்ணைப் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். கால் பங்கு குறைந்திருந்தாலோ, இழுத்த நிலையில் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ புது ரப்பர் வாங்குங்கள்.